பனியும் சூரிய வெந்நீரும் – ஒரு நூறு வருஷத்துக் கதை

குளிர் நாட்டில் ஒருவர் வீட்டுக் கூரையில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கிறார் என்று சொன்னால், நம் ஊரில் உடனே வரும் கேள்வி: "அங்கேதான் வெயிலே கிடையாதே, அப்புறம் எப்படிச் சூடாகும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சாதனத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அது வெயில் இல்லாமல் தோற்ற இடங்கள் குறைவு. தோற்ற இடங்களில் பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று, பனி விழும் ஓர் இரவு. இன்னொன்று, யாரும் கவனிக்காமல் விட்ட பத்தாவது, இருபதாவது வருஷம். இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால் கதை முடிந்தது.

வணிகவியல் படிக்கிற எனக்கு இதில் சுவாரஸ்யமாகப் படுவது இரண்டாவது காரணம். ஒரு சொத்தை வாங்கும் செலவு வேறு. அதை வைத்துக் காப்பாற்றும் செலவு வேறு. முதலாவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அரசாங்கம் மானியம்கூடக் கொடுக்கிறது. இரண்டாவதைப் பற்றிப் பேச ஆளே இல்லை. நூறு வருஷத்துக்கும் மேலான கதை இது. ஆரம்பத்திலிருந்தே பார்ப்போம்.

கறுப்புத் தொட்டியில் தொடங்கியது

1891-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் ஒரு சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பெயர் 'கிளைமாக்ஸ்'. ரொம்ப எளிமையான ஏற்பாடு. கறுப்பு வண்ணம் பூசிய இரும்புத் தொட்டிகள் சில, அவற்றை வைக்க ஒரு மரப்பெட்டி, மேலே கண்ணாடி மூடி. அவ்வளவுதான். காலையில் நிரப்பினால் மாலையில் வெந்நீர். இதன் சிறிய மாடல் 25 டாலருக்கு விற்றது.

பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் குளிர்காலம் உண்டு. அங்கே கிளைமாக்ஸை வசந்த காலத்திலிருந்து இலையுதிர் காலம் வரைதான் பயன்படுத்த முடியும். பனிக்காலம் வருமுன் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதனால் இந்தச் சாதனம் உண்மையில் சக்கைப்போடு போட்டது எங்கே என்றால், வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் தெற்குக் கலிபோர்னியாவில். 1900-க்குள் அங்கே சுமார் 1,600 கிளைமாக்ஸ்கள் விற்றிருந்தன.

ஆனால் அதில் ஒரு குறை. வெப்பம் வாங்குவதும் அதே தொட்டி, சேமிப்பதும் அதே தொட்டி. பொழுது சாய்ந்தால் கண்ணாடி வழியே சூடெல்லாம் போய்விடும். காலையில் எழுந்து குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் வில்லியம் பெய்லி. 1909-ல் அவர் வெப்பம் வாங்கும் பகுதியையும் சேமிக்கும் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புத் தகடு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய குழாய்கள். (இந்தப் பெட்டிக்கு 'கலெக்டர்' என்று பெயர். மாவட்ட ஆட்சியர் அல்ல, இவர் வசூலிப்பது வெப்பம் மட்டும் :-) ) அதற்கு மேலே, சூடு போகாமல் நன்றாகப் பொதிந்து மூடிய தொட்டி. சூடான தண்ணீர் இலேசாகித் தானே தொட்டிக்கு ஏறும். கனமான குளிர்ந்த நீர் தானே கலெக்டருக்கு இறங்கும். பம்பே வேண்டாம். இரவிலும் வெந்நீர் கிடைத்ததால் தன் கம்பெனிக்கே 'டே அண்ட் நைட்' என்று பெயர் வைத்தார். நம் ஊர் மொட்டை மாடிகளில் இன்று நிற்கும் பல சாதனங்களில் வேலை செய்வதும் இதே தத்துவம்தான்.

1913: ஓர் இரவின் பாடம்

1913 ஜனவரியில் தெற்குக் கலிபோர்னியாவை யாரும் எதிர்பாராத குளிர் தாக்கியது. சில இடங்களில் வெப்பநிலை மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்தன. கூடவே பெய்லி விற்ற கலெக்டர்களும்.

தண்ணீர் உறைந்து ஐஸ் ஆகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் பெருகும். மூடிய குழாய்க்குள் அது நடந்தால் செம்புக் குழாய் வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதில் ஒரு முரண் இருக்கிறது. கிளைமாக்ஸின் பெரிய தொட்டிகள் மெதுவாகச் சூடாகும். மெதுவாகத்தான் உறையவும் செய்யும். பெய்லியின் மெல்லிய குழாய்கள் சீக்கிரம் சூடாகும். அதே காரணத்தால் சீக்கிரம் உறையும். எது அதன் பலமோ அதுவே பலவீனம்.

பெய்லி கடையை மூடிவிட்டுப் போகவில்லை. கலெக்டருக்குள் தண்ணீருக்குப் பதில், எளிதில் உறையாத தண்ணீர்–ஆல்கஹால் கலவையை ஓடவிட்டார். அந்தக் கலவை தொட்டிக்குள் இருக்கும் ஒரு சுருள் குழாய் வழியே சுற்றி, குளிக்கிற தண்ணீருக்குச் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பும். இரண்டு திரவமும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. இன்று கனடாவிலும் ஜெர்மனியிலும் வீட்டுக் கூரைகளில் ஓடும் பெரும்பாலான சாதனங்களின் அடிப்படை இதுதான். உறையாத திரவம் மட்டும் மாறியிருக்கிறது.

பனியை ஜெயித்த பெய்லியால் மலிவு விலை எரிவாயுவை ஜெயிக்க முடியவில்லை. 1920-களில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் இயற்கை எரிவாயு ஏராளமாகக் கிடைத்தது. 1920-ல் ஆயிரத்துக்கும் மேல் விற்ற அவருடைய சோலார் ஹீட்டர், 1930-ல் விற்றது வெறும் நாற்பது சொச்சம். நல்ல வியாபாரியான அவர் கேஸ் ஹீட்டர் தயாரிப்புக்கு மாறிவிட்டார்.

மயாமி: தொட்டிக்கு வயதானபோது

அடுத்த அத்தியாயம் ஃபுளோரிடாவின் மயாமி. 1920-களில் பெய்லியின் காப்புரிமை அங்கே போனது. 1941-க்குள் மயாமி மக்களில் பாதிப்பேருக்கு மேல் சூரிய வெந்நீரில்தான் குளித்தார்கள் என்கிறார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. செம்பு போருக்குத் தேவைப்பட்டதால் அரசு கட்டுப்பாடு விதித்தது, புதுச் சாதனம் செய்ய முடியவில்லை.

போர் முடிந்த பிறகு மீண்டும் தழைத்திருக்கலாம்தானே? அங்கேதான் வயது குறுக்கே வந்தது. கலெக்டர் செம்பு, தொட்டியோ இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் தண்ணீரில் தொடர்பு கொண்டால் அவற்றில் ஒன்று அரிக்கும். இங்கே அரித்தது இரும்பு. பத்து, பதினைந்து வருஷம் கழித்துத் தொட்டிகள் ஒவ்வொன்றாகப் பொத்துக்கொண்டன. கூரைக்கு அடியில் இருந்த தொட்டி வெடித்தால் வீட்டுக்குள் வெள்ளம்! தொட்டி மாற்றக் கூலியும் விலையும் அதிகம். மின்சாரமோ மலிவாகிக்கொண்டே வந்தது. மின்சார ஹீட்டர் வாங்குவது எளிது என்று மக்கள் போய்விட்டார்கள்.

கலெக்டர் பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள். வெயிலும் அப்படியேதான் இருந்தது. போனது தொட்டி. அதைச் சரிசெய்து கொடுக்கக் கட்டுப்படியாகும் விலையில் ஆள் இல்லை.

மானியம் வந்தது, போனது

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட, அமெரிக்காவுக்கு மறுபடியும் சூரியன் நினைவுக்கு வந்தது. ஜிம்மி கார்ட்டர் அதிபரான பின் 1978-ல் வரிச் சலுகை கொண்டுவந்தார்கள். 1980-ல் அதை 40 சதவீதமாக உயர்த்தினார்கள். பத்தாயிரம் டாலர் செலவு வரைக்கும் இது பொருந்தும். அதாவது வீட்டுக்காரருக்கு அதிகபட்சம் நாலாயிரம் டாலர் வரி மிச்சம். கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தங்கள் பங்குக்குத் தனியாகவும் கொடுத்தன.

இப்போது இந்தத் திட்டத்தைக் கணக்குக் கண்ணோடு பாருங்கள். சலுகை எதற்கு? வாங்கி மாட்டிய செலவுக்கு. அது எத்தனை லிட்டர் வெந்நீர் தந்தது, எத்தனை வருஷம் ஓடியது என்பதற்கு அல்ல. விலை அதிகமானால் சலுகையும் அதிகம். விற்பவருக்கு எது லாபம்? சீக்கிரம் மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான். நேர்மையாக நல்ல வேலை செய்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களையும் மற்றவர்களையும் பிரித்துக் காட்ட அந்தத் திட்டத்தில் ஒன்றுமே இல்லை.

1985 டிசம்பர் 31-ஆம் தேதியோடு சலுகை காலாவதியானது. எண்ணெய் விலையும் சரிந்தது. கம்பெனிகள் வரிசையாக மூடின. லட்சக்கணக்கான வீடுகளின் கூரையில் சாதனம் இருந்தது. மாட்டியவரின் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. உதிரிபாகம் இல்லை, உத்தரவாதச் சீட்டுக்கு மதிப்பில்லை. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் மாதிரி அவை கூரையில் கிடந்தன. குளிர் மாநிலங்களில் இருந்தவற்றுக்கு அடுத்த பனிக்காலமே பரீட்சை.

குளிர்காலத்தில் பழைய சாதனம் எங்கே சறுக்கும்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உறைபனியைச் சமாளிக்க அந்தக் காலத்தில் நான்கு வழிகள் கையாண்டார்கள்.

1. சுற்றவிடுவது: குளிர் அதிகமானால் பம்ப் தானே ஓடித் தொட்டியின் சூடான நீரைக் கலெக்டருக்கு அனுப்பும். சேமித்த சூடு வீண். அதைவிட மோசம், பனிப்புயலில் கரண்ட் போனால் பம்பும் நிற்கும். பாதுகாப்பு எப்போது தேவையோ அப்போதுதான் அது இருக்காது!

2. வடித்துவிடுவது: உறையும் நிலை வந்தால் மின்சார வால்வு திறந்து கலெக்டர் நீரை வெளியே கொட்டிவிடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வருஷத்தில் சில நாள் மட்டும் அசையும் வால்வில் உப்புப் படிந்து இறுகிவிடும். அது ஒரே ஓர் இரவு மாட்டிக்கொண்டால் போதும்.

3. திரும்ப இறங்குவது: பம்ப் நின்றதும் கலெக்டர் நீர் முழுவதும் சரிவில் இறங்கி வீட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு தொட்டிக்கு வந்துவிடும். வால்வும் இல்லை, ரசாயனமும் இல்லை. ஆனால் குழாய்கள் சரியான சாய்வில் இருக்க வேண்டும். வருஷங்கள் போகப் போகப் பிடிமானம் தளர்ந்து குழாய் ஓரிடத்தில் தொய்ந்தால், அந்தத் தொய்வில் தேங்கும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும், குழாயை உடைக்க.

4. உறையாத திரவம்: பெய்லியின் வழி. ஆல்கஹாலுக்குப் பதில் கிளைகால் என்ற திரவத்தைத் தண்ணீரில் கலப்பார்கள். வீட்டுச் சாதனத்தில் புரொப்பிலீன் கிளைகால்தான் சரி, ஏனென்றால் எத்திலீன் கிளைகால் விஷம்.

நான்காவது வழியில் ஓடும் சாதனம் ஒன்றுக்கு முப்பது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்துக்கு முன் வீட்டுக்காரர் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அந்தத் திரவம். கிளைகாலுக்கும் ஆயுசு உண்டு. அது கெடுவது குளிரில் அல்ல, கோடையில்! வீட்டில் யாரும் இல்லாமல் தொட்டி முழுவதும் சூடாகிப் பம்ப் நின்றுவிட்டால், கலெக்டருக்குள் தேங்கிய திரவம் வெந்துபோகும். வெந்த கிளைகால் மெல்ல அமிலமாக மாறிக் குழாயை உள்ளிருந்தே அரிக்கும். உறையாமல் காக்கும் திறன் போதுமா என்பதைத் தனிக் கருவியால் பார்க்க வேண்டும். அமிலத்தன்மையைப் பள்ளிச் சோதனைக்கூடத்து நிறத்தாளாலேயே பார்க்கலாம். புதுத் திரவம் காரத்தன்மையோடு இருக்கும். பிஹெச் அளவு ஏழை நெருங்கிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது, ஒருவழி வால்வு. சின்னஞ்சிறு சாமான். இது பழுதானால் இரவில் ஓட்டம் தலைகீழாகும். தொட்டியின் சூடு மேலே ஏறி வானத்துக்குப் போய்விடும். பகல் முழுக்கச் சேர்த்ததை இரவு முழுக்கச் செலவு செய்யும் ஊதாரி! கண்டுபிடிப்பது எளிது. இருட்டிய பிறகு பம்ப் நின்றிருக்கும்போது, கூரைக்குப் போகும் குழாயைத் தொட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். இதை விட்டுவிட்டால், கடுங்குளிர் இரவில் மைனஸ் நிலைக்குப் போன திரவம் கீழே வந்து, வெப்பம் மாற்றும் பகுதியில் உள்ள நல்ல தண்ணீரையே உறைய வைத்துவிடும்.

மூன்றாவது, சென்சார். கலெக்டர் தொட்டியைவிடச் சில டிகிரி சூடாக இருந்தால்தான் பம்ப் ஓட வேண்டும். அதைச் சொல்வது இரண்டு சென்சார்கள். அவற்றின் ஒயர் வெயிலில் வெடித்தோ, அணில் கடித்தோ போனால் பம்ப் நடுராத்திரியில் ஓடும், அல்லது நடுப்பகலில் தூங்கும்.

பிறகு குழாய்மேல் சுற்றிய நுரை உறை. பத்து வருஷ வெயிலில் அது பொடியாக உதிரும். தொட்டிக்குள் தொங்கும் 'ஆனோடு' கம்பியையும் மறக்கக்கூடாது. தொட்டிக்குப் பதில் தான் அரிபட்டுக்கொள்வதே அதன் வேலை. அது கரைந்து தீர்ந்தபின் அரிப்பு தொட்டியைத் தொடும். மயாமி தொட்டிகளின் கதைதான்.

இன்னொரு விஷயம், இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே நான்கு, ஐந்து டிகிரி இருக்கும்போதே கலெக்டர் உறையலாம். மேகமில்லாத இரவில் அது வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். புல்நுனியில் பனி படிவதும் இதனால்தான். தெர்மாமீட்டரைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினவர்கள் காலையில் உடைந்த குழாயைப் பார்த்தது இப்படித்தான்.

பனிக்காலத்தில் முழு வெந்நீரையும் இது ஒன்றே தரும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பகல் குறைவு, குழாயில் வரும் தண்ணீரோ ஏற்கெனவே ஐஸ் மாதிரி. பாதி தூரம் சூரியன் இழுத்துவரும், மீதியைக் கேஸோ கரண்டோ இழுக்கும். அந்தப் பாதியும் காசுதான்.

மேலே சொன்ன பட்டியலில் வால்வு, சென்சார், திரவம், உறை, கம்பி எல்லாமே மொத்த விலையில் சிறு பங்கு. செம்புத் தகடும் கண்ணாடியும்தான் பெரும் செலவு. உறைபனியில் உடையாமல் காப்பாற்றினால் அவை முப்பது வருஷம்கூட நிற்கும். விலை உயர்ந்த பகுதி சாவதில்லை. அதைச் சாகடிப்பது மலிவான பகுதி. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை.

தானே கட்டியவர்கள்

இதற்கு நேர் எதிரான கதை ஆஸ்திரியாவில் நடந்தது. 1980-களில் அந்நாட்டின் ஸ்டைரியா பகுதியில் கிராமத்து மக்கள் குழுவாகச் சேர்ந்து தாங்களே கலெக்டர் செய்ய ஆரம்பித்தார்கள். கருவிகளைப் பொதுவில் வாங்கி, ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் உதவி, அடுத்த ஊருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஆல்ப்ஸ் மலைச்சாரல், பனிக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனாலும் மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால் உலகிலேயே அதிகக் கலெக்டர் பரப்பு உள்ள நாடுகளில் ஒன்றாக ஆஸ்திரியா ஆனது.

எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. தன் கையால் பற்றவைத்த குழாய் ஒழுகினால், எங்கே ஒழுகும் என்று அவருக்குத் தெரியும். கம்பெனி மூடினாலும் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார்.

வெள்ளை மாளிகைத் தகடுகள்

1979 ஜூன் 20 அன்று கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 சூரிய வெந்நீர்த் தகடுகளைத் தொடங்கிவைத்தார். இது ஒரு தலைமுறை கழித்து வெறும் அருங்காட்சியகப் பொருளாகவும் போகலாம், பெரிய பயணத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம் என்ற பொருளில் அன்று அவர் பேசினார். 1986-ல், ரீகன் காலத்தில், கூரை பழுதுபார்க்க அவற்றைக் கழற்றினார்கள். திரும்ப மாட்டவில்லை. கிடங்குக்குப் போயின.

பலரும் கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மீதிதான் எனக்குப் பிடித்த பகுதி. 1991-ல் மெயின் மாநிலத்தின் யூனிட்டி கல்லூரி அந்தத் தகடுகளைக் கேட்டு வாங்கியது. பழைய பள்ளிப் பேருந்து ஒன்றின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அதில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பழுது பார்த்து, பாதித் தகடுகளைக் கல்லூரி உணவகத்தின் கூரையில் மாட்டினார்கள். மெயின் அமெரிக்காவின் வடகிழக்கு மூலை. ஜனவரி இரவுகளில் மைனஸ் 10-க்குக் கீழே போவது அங்கே சகஜம். அந்தக் குளிரில், தலைநகரம் வேண்டாம் என்று கழற்றிப்போட்ட அதே தகடுகள் பத்து வருஷத்துக்கும் மேலாக, சுமார் 2005 வரை, மாணவர்களின் உணவகத்துக்கு வெந்நீர் தந்தன. அதற்குப் பிறகுதான் அவற்றில் சில அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியனில், ஒன்று கார்ட்டர் நூலகத்தில், ஒன்று சீனாவின் தெசோவ் நகரில்.

வாஷிங்டனைவிட மெயினில் குளிர் அதிகம், தகடுகளுக்கு வயதும் அதிகம். வித்தியாசம் ஒன்றே ஒன்று: அங்கே கவனித்துக்கொள்ள ஆள் இருந்தார்கள்.

கடைசியாக

மானியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. பிரிட்டன் 2014-ல் வீடுகளுக்குக் கொண்டுவந்த ஒரு திட்டத்தில், சூரிய வெந்நீர்ச் சாதனத்துக்கான பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் ஏழு வருஷத் தவணையாகக் கொடுத்தார்கள். சாதனத்தை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் திட்டம் 2022-ல் புதியவர்களுக்கு மூடப்பட்டது. அதற்கும் குறைகள் உண்டு. ஆனால் 1985-ன் பாடத்தை யாரோ படித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

நம் பாடப்புத்தகத்தில் தேய்மானம் என்றால் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே கோட்டில் இறங்கும். கூரைமேல் இருக்கும் சாதனம் அப்படித் தேய்வதில்லை. இருபது வருஷம் அப்படியே இருந்துவிட்டு, ஒரு மலிவான வால்வுக்காக ஒரே இரவில் பூச்சியமாகிவிடும். அல்லது, வருஷத்துக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்க்கும் ஒருவர் இருந்தால், ஏட்டில் பூச்சியமாகிப் பல வருஷம் ஆனபின்னும் காலையில் வெந்நீர் தரும்.

உங்கள் வீட்டு மாடியிலும் ஒன்று இருந்தால், அதை யாராவது கடைசியாக ஏறிப் பார்த்தது எப்போது?